ஓர் அங்குலம் கூட, ஓர் அங்குலம் குறைய

கோல்ஃப் ஆடுபவரின் பையில் பதினான்கு மட்டைகள் வரை இருக்கலாம் என்பது விதி. அவற்றுள் பேச்சும் விளம்பரமும் பெரும்பாலும் நெடுந்தூரம் அடிக்கும் டிரைவரைப் பற்றியவையாகவே இருக்கின்றன. ஆனால் ஓர் ஆட்டத்தில் எல்லா மட்டைகளையும்விட அதிகமாகக் கைக்கு வருவது, பையின் ஓரத்தில் உறை மாட்டிக்கொண்டு அடக்கமாக நிற்கும் பட்டர்தான். பதினெட்டுக் குழிகளுக்கு 72 அடிகள் என வகுக்கப்பட்ட ஒரு திடலில், குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள் பட்டருக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. மொத்தக் கணக்கில் சரிபாதி!

பட்டர் என்றவுடன் வெண்ணெயோ பெருமாள் கோயில் பட்டரோ நினைவுக்கு வந்தால் வாசகர்மேல் குற்றமில்லை. தமிழில் எழுதும்போது மூன்றும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. இங்கே நாம் பேசுவது, குழியைச் சுற்றி ஒட்ட வெட்டப்பட்ட புல்தளத்தில், அதாவது கிரீனில், பந்தை உருட்டிவிடும் மட்டையைப் பற்றி. மற்ற மட்டைகள் பந்தை வானில் எழுப்புகின்றன. பட்டரின் முகமோ ஏறக்குறைய நேராக நிற்கும். மூன்று நான்கு பாகைக்கு மேல் சாய்வு இராது. குழியின் விட்டம் நாலேகால் அங்குலம், பந்தின் விட்டம் அதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. எட்டு அடித் தூரத்திலிருந்து உருட்டும்போது, அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் ஆடும் வல்லுநர்களே ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்றைத்தான் குழியில் இடுகிறார்கள். இருபது அடியென்றால் நூற்றுக்குப் பதினைந்து. அவர்கள் கதையே இப்படியென்றால் வார இறுதியில் ஆடுபவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு முக்கியமான மட்டையை நாம் எப்படி வாங்குகிறோம்? கடையில் 34 அங்குலமும் 35 அங்குலமும் இருக்கும். பெண்களுக்கென்று 33 இருக்கலாம். தலையின் வடிவத்தைப் பார்ப்போம், பிடியின் நிறத்தைப் பார்ப்போம், விலைச் சீட்டைத் திருப்பிப் பார்ப்போம். நீளத்தை யாரும் கேட்பதில்லை. ரவிக்கைக்கும் சட்டைக்கும் அளவு கொடுத்துத் தைத்துக்கொள்ளும் நாட்டில், ஒரு நாளில் முப்பது முறைக்குமேல் குனிந்து பிடிக்கவேண்டிய பொருளை அலமாரியில் இருந்த அளவிலேயே எடுத்து வருகிறோம். அதன்பின் மட்டைக்கு ஏற்றபடி உடம்பை வளைத்துக்கொள்கிறோம்.

மட்டை அளவுக்கு மிஞ்சி நீண்டிருந்தால் முழங்கைகள் மடங்கி விலாவோடு இடிக்கும். உடல் நிமிர்ந்துவிடுவதால் கண்கள் பந்துக்கு நேர்மேலே நில்லாமல் உள்வாங்கி நிற்கும். அந்த இடத்திலிருந்து பார்க்கையில் குழிக்குச் செல்லும் கோடு இருப்பதுபோல் தெரியாது. மட்டை குட்டையாக இருந்தாலோ தோள் கூனும், இடுப்பு மடங்கும். நடுமுதுகு அன்று மாலையே தன் கணக்கைக் கேட்கும். ஓர் அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர், செருப்பில் ஓர் அங்குலம் கூடிக் குறைவதை எண்ணிப் பார்க்கலாம்.

இதற்கு விடையாக வந்ததுதான் நீளத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய பட்டர். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் செருகிய இரட்டைத் தண்டு. தனியாகத் தரப்படும் ஒரு சாவியால் திருகைத் தளர்த்தி, மேல்தண்டை வேண்டிய அளவுக்கு நீட்டியோ உள்ளிறக்கியோ வைத்து மீண்டும் இறுக்கவேண்டும். சில வடிவங்களில் பிடியின் உச்சியிலுள்ள துளையில் சாவியைச் செருகித் திருகினாலே நீளம் மாறிவிடும். பிங் நிறுவனம் 2018இல் வெளியிட்ட சிக்மா 2 வரிசை அவ்வகையைச் சேர்ந்தது. 32 முதல் 36 அங்குலம் வரை அதை வைத்துக்கொள்ளலாம். இதைவிட அகன்ற எல்லை கொண்டவையும் உண்டு. நான் கையிலெடுத்துப் பார்த்தது 31இல் தொடங்கி 38 வரை செல்வது.

அது என்னுடையதன்று. பெங்களூரில் வசிக்கும் நண்பர் ஒருவருடையது. வங்கியில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தெட்டு, உயரம் ஐந்தடி பத்து அங்குலம். இரண்டாண்டுகளுக்கு முன் முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்தது. நடக்கலாம், மட்டையை அளவோடு வீசவும் செய்யலாம், ஆனால் நெடுநேரம் குனிந்து நிற்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கோல்ஃபில் நெடுநேரம் குனிந்து நிற்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். அது பட்டர் பிடித்து நிற்கும் கிரீன். அவர் மட்டைப் பையை விற்றுவிட எண்ணியிருந்தார். விற்காமல் தடுத்தது அவருடைய பதினொரு வயதுப் பேத்தி. அவள் அப்போதுதான் ஆடப் பழகத் தொடங்கியிருந்தாள், தாத்தாவின் பழைய 35 அங்குலப் பட்டரை வைத்துக்கொண்டு. நாலடி ஏழு அங்குலப் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிது என்பதற்கு அளவுகோல் தேவையில்லை: பிடியின் அடிப்பகுதியைப் பற்றிக்கொண்டு அவள் நின்றால், மேல்முனை வயிற்றில் போய்க் குத்தி நிற்கும்.

ஒருவருக்கு 35 போதவில்லை, மற்றவருக்கு 35 மிகுதி. இருவருக்குமாக ஒரே மட்டை என்ற கணக்கில் நண்பர் அதை வாங்கினார். எந்த நீளத்தில் வைப்பது என்பதை முடிவு செய்யத்தான் மூன்று ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பயிற்சித் தளத்துக்கு என்னையும் அழைத்தார்.

பெங்களூரில் பனிக்காலக் காலைகள் இத்தகைய சோதனைக்கு ஒருவகையில் தோதானவை. புல்லில் ஈரம் படிந்திருக்கும்போது உருண்ட பந்து தன் தடத்தை வெள்ளிக் கோடாக விட்டுச் செல்லும். எங்கே கிளம்பியது, எங்கே திரும்பியது, எங்கே களைத்து நின்றது என்பதையெல்லாம் தரையிலேயே படிக்கலாம். குறையும் ஒன்று உண்டு: ஈரப் புல்லில் பந்து மெதுவாகவே ஓடும். ஆகவே திசையைக் காலை ஏழு மணிக்குப் பார்த்துவிட்டு, தூரக் கணக்கைப் பனி காய்ந்தபின் ஒன்பது மணிக்கு மேல் வைத்துக்கொண்டோம்.

முதலில் தாத்தா. ஒவ்வொரு நீளத்திலும் ஆறு அடியிலிருந்து பத்துப் பந்துகள், இருபது அடியிலிருந்து பத்துப் பந்துகள். பத்துப் பந்துகளால் எதுவும் நிலைநாட்டப்படாது என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் மூன்று வாரம் அதையே திரும்பச் செய்தோம்.

38 அங்குலத்தில் நின்றபோது அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. முதுகு நிமிர்ந்திருந்தது, வலி இல்லை. பந்துதான் குழிக்குப் போகவில்லை. ஈரத்தில் விழுந்த கோடுகள் எல்லாம் குழிக்கு வலப்பக்கமாகவே கிளம்பியிருந்தன. காரணத்தை அறிய ஒரு பழைய உபாயம் உண்டு: அடிக்க நிற்கும் நிலையிலேயே, இரு புருவங்களுக்கு நடுவிலிருந்து ஒரு பந்தை நழுவவிட வேண்டும். அது தரையிலுள்ள பந்தின்மேலோ, அதற்கு மிக அருகிலோ விழுந்தால் கண்கள் கோட்டின்மேல் இருக்கின்றன என்று பொருள். அவர் விட்ட பந்து நான்கு விரற்கடை உள்ளே, அவருடைய காலணிப் பக்கமாக விழுந்தது. நீண்ட தண்டு அவரைப் பந்திலிருந்து தள்ளி நிறுத்திவிட்டது. தள்ளி நின்று பார்த்த கண் கோட்டை வலப்பக்கம் சாய்த்துப் படித்துவிட்டது.

36இல் கண் சரியாக நின்றது. பத்தில் ஏழு விழுந்தது. ஆனால் நாற்பதாவது பந்தின்போது அவர் கை தானாக இடுப்புக்குப் போனது. 37இலும் ஏழுதான். கை இடுப்புக்குப் போகவில்லை. பந்து இன்னும் சிறிதளவு தள்ளியே நின்றது. அடுத்த இரு வாரங்களும் இதையே சற்று முன்பின்னாகச் சொல்லின.

இந்த இடத்தில் ஒரு நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும். இத்தகைய பட்டரை விற்பவர்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. தண்டின் நீளத்தை மாற்றலாமே தவிர, தண்டுக்கும் தலைக்கும் இடையிலுள்ள சாய்கோணம் மாறுவதில்லை. நீளம் கூடும்போது கை உயர்கிறது. கை உயர்ந்தால், ஒன்று பந்தைத் தள்ளி வைக்க வேண்டும், அல்லது தலையின் உட்பக்கக் குதி தரையைவிட்டுக் கிளம்பும். முன்னதில் கண் தவறுகிறது. பின்னதில் தலை தவறுகிறது. இரண்டையும் தவிர்க்க வேண்டுமானால் தலை தண்டோடு சேரும் கழுத்தைப் பட்டறையில் கொடுத்து ஓரிரு பாகை நிமிர்த்த வேண்டும். அதற்கும் எல்லை உண்டு: தண்டு செங்குத்திலிருந்து குறைந்தது பத்துப் பாகையாவது சாய்ந்திருக்க வேண்டும் என்பது கருவி விதி. ஊஞ்சல்போல் நேர்செங்குத்தாகத் தொங்கவிட்டு ஆட முடியாது.

அடுத்தது எடை. தண்டு நீண்டால் தலை கனமாகத் தோன்றும். குறுகினால் காற்றாகத் தோன்றும். ஓர் அங்குலம் குறைத்தால், பழைய கனத்தைக் கை உணர்வதற்குத் தலையில் ஏறத்தாழ 12 கிராம் கூட்ட வேண்டும் என்பது பட்டறைக்காரர்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு. இன்றைய பட்டர் தலைகள் சுமார் 350 கிராம் எடையுள்ளவை. தாத்தா 38 வைத்தபோது இருபது அடிப் பந்துகள் குழியைத் தாண்டித் தாண்டி ஓடின. அதே அளவு தோள் அசைவுக்கு நீண்ட மட்டையின் தலை விரைவாகச் செல்கிறது. கனமும் கூடியதாக உணரப்படுகிறது. அவருடைய கை பழகிய தூரக் கணக்கு பிசகிவிட்டது. இரண்டாம் வாரத்தில்தான் அது மீண்டும் படிந்தது. நீளத்தை மாற்றுபவர் முதல் நாள் விளைவைக் கண்டு மகிழவோ மனம் சோரவோ வேண்டாம் என்பேன்.

பேத்திக்கு நேர்மாறான சிக்கல். 31 அங்குலத்துக்கு இறக்கிக் கொடுத்ததும் அவள் சொன்ன முதல் சொல், “தாத்தா, இப்ப வயித்துல இடிக்கல!” என்பது. கைகள் தோளிலிருந்து இயல்பாகத் தொங்கின. கண் பந்தின்மேல் நின்றது. ஆயினும் தலை கனமற்றுப் போனதால் பந்தைத் தள்ளுவதற்குப் பதிலாக வெடுக்கென்று தட்டத் தொடங்கினாள். இருபது அடிப் பந்துகள் பதினைந்தில் நின்றன. தலையின் அடிப்பக்கத்தில் ஈயப் பட்டையைச் சிறிது சிறிதாக ஒட்டிப் பார்த்தோம். கைக்கணக்குப்படி நான்கு அங்குலத்துக்கு 48 கிராம் ஒட்ட வேண்டும். அவளுக்குப் பாதியே போதுமானதாக இருந்தது. அவளுக்குப் பழைய கனம் எதுவும் கையில் ஊறியிருக்கவில்லையே! மூன்றாம் வாரம் தட்டுதல் நின்று, ஆறு அடியில் பத்துக்கு ஐந்து விழத் தொடங்கியது. தாத்தாவின் 35ஐ வைத்துக்கொண்டு அவள் பெற்றுவந்தது ஒன்றோ இரண்டோ.

மாற்றும் கருவிக்கே உரிய ஒரு தொந்தரவையும் குறிப்பிட வேண்டும. பட்டரின் பிடி முழு உருண்டையாக இராது. கட்டை விரல்கள் படிவதற்கு முன்பக்கம் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டை, மட்டையின் முகத்துக்கு நேராக நிற்க வேண்டும். ஒருமுறை அவசரமாக நீட்டி இறுக்கியபோது அது மயிரிழை திரும்பிவிட்டது. கை பிடியைத்தான் நம்பும், முகத்தை அன்று. முகம் ஒரே ஒரு பாகை திரும்பினால் பத்து அடித் தூரத்தில் பந்து ஏறத்தாழ இரண்டு அங்குலம் விலகும். குழியின் நடுப்புள்ளியிலிருந்து விளிம்புக்கு உள்ள தூரமும் அவ்வளவே. ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மட்டையை ஒரு தரைக்கல்லின் விளிம்போடு ஒட்டி வைத்துப் பிடியை நேர்பார்ப்பது எங்கள் வழக்கமாயிற்று.

விதிகள் இதை அனுமதிக்கின்றனவா என்ற கேள்வி எழும். அனுமதிக்கின்றன. மட்டை 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்பது எல்லாவற்றுக்கும் பொது. 48 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்ற மேல்வரம்பிலிருந்து பட்டருக்கு மட்டும் விலக்கு உண்டு. மாற்றும் பாகங்கள் ஆட்டத்தின் நடுவே தளர வாய்ப்பில்லாதபடி இறுக்கமாக இருக்க வேண்டும். கையாலேயே சட்டென்று மாற்றக்கூடியதாக இருக்கக் கூடாது. தனிச் சாவி தரப்படுவதன் காரணம் இதுவே. ஆனால் ஆட்டம் தொடங்கியபின் நீளத்தை வேண்டுமென்றே மாற்றி, அந்த மட்டையால் ஓர் அடி அடித்துவிட்டால், போட்டியிலிருந்தே நீக்கம். அடிப்பதற்குமுன் பழைய அளவுக்கே திருப்பிவிட்டால் தண்டனை இல்லை. முதல் ஒன்பது குழிக்கு ஒரு நீளம், முதுகு வலிக்கத் தொடங்கியபின் இன்னொரு நீளம் என்ற ஏற்பாட்டுக்கு இடமில்லை.

பட்டரின் நீளம் பற்றிய சச்சரவு கோல்ஃப் உலகில் புதியதன்று. 2011இல் கீகன் பிராட்லி, வயிற்றில் ஊன்றிக்கொள்ளும் நீண்ட பட்டரை வைத்து பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பை வென்றார், பெரும்போட்டி ஒன்று அவ்வகை மட்டைக்கு வசமானது அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டு அமெரிக்க ஓப்பனை வெப் சிம்ப்சனும், பிரிட்டனில் நடைபெறும் ஓப்பனை எர்னி எல்ஸும் அப்படியே வென்றார்கள். 2013இல் ஆடம் ஸ்காட் மார்போடு சேர்த்துப் பிடிக்கும் துடைப்பக்கட்டை நீளப் பட்டரால் மாஸ்டர்ஸ் பட்டத்தைப் பெற்றார். விதி வகுப்போர் விழித்துக்கொண்டனர். 2016 ஜனவரி 1 முதல் மட்டையின் முனையை உடம்பில் ஊன்றி அடிப்பது தடை செய்யப்பட்டது. தடை நீளத்துக்கு அன்று, ஊன்றுதலுக்கு மட்டுமே. உடம்பில் படாமல் எவ்வளவு நீண்ட பட்டரையும் பிடிக்கலாம். முதிய வயதிலும் பெர்ன்ஹார்ட் லாங்கர் அப்படித்தான் ஆடி வருகிறார். வயிற்றில் குத்திய மட்டையோடு பழகிய நம் சிறுமியின் நிலையை இதோடு சேர்த்துப் பாருங்கள். பெரியவர்களின் மட்டையைக் கொடுத்து, எதைச் செய்யக் கூடாதென்று விதி சொல்கிறதோ அதையே குழந்தையின் உடம்புக்குக் கற்றுக்கொடுக்கிறோம்.

நம் நாட்டுக் கோல்ஃபுக்கு இது சிறு விஷயம் அன்று. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகிலேயே மிகப் பழைய கோல்ஃப் மன்றம், 1829இல் தோன்றிய ராயல் கல்கத்தா. பெங்களூர் கோல்ஃப் கிளப் 1876இல் வந்தது. வசதி படைத்தோரின் ஆட்டமாகவே நெடுங்காலம் இருந்தபோதிலும், அதன் புல்வெளிகளிலிருந்து வேறு வகையான ஆட்டக்காரர்களும் எழுந்தார்கள். எஸ்.எஸ்.பி. சௌராசியா, ராயல் கல்கத்தா திடலின் புல்தளத்தைப் பராமரித்தவரின் மகன். இந்தியன் ஓப்பனை 2016, 2017 என அடுத்தடுத்து இருமுறை வென்றவர். நெடுந்தூரம் அடிப்பதற்காக அவர் பெயர் பெறவில்லை. கிரீனைச் சுற்றியும் கிரீனின்மேலும் காட்டும் லாகவத்துக்காகச் ‘சிப்பட்சியா’ என்றே சக ஆட்டக்காரர்கள் அவரை அழைத்தனர். பெங்களூரின் அதிதி அசோக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தம்மைவிட வெகுதூரம் அடிப்பவர்களுக்கு நடுவே பட்டரின் துணையால் இறுதி நாள்வரை பதக்க வரிசையில் நின்று, ஒரே ஓர் அடியில் வெண்கலத்தை இழந்து நான்காம் இடம் பெற்றார். அந்த நாட்களில் கோல்ஃபைப் பற்றி ஏதும் அறியாத வீடுகளிலும் விடியற்காலையில் தொலைக்காட்சி ஒளிர்ந்தது. நாலடி ஏழு அங்குலப் பெண்கள் பலர் தாத்தாவின் பையையும் அப்பாவின் பையையும் திறந்து பார்க்கத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்படித் திறந்து பார்க்கும் குழந்தைக்கு முன்னுள்ள வழக்கமான வழி, பழைய பட்டரின் தண்டை வாளால் அறுத்துக் குட்டையாக்குவது. செலவு குறைவு, ஆனால் அறுத்தது அறுத்ததுதான். ஈராண்டில் பிள்ளை ஆறு அங்குலம் வளர்ந்தால் அந்த மட்டை பரணுக்குப் போகும். மாற்றும் பட்டரின் விலை அதே தரத்துச் சாதாரணப் பட்டரைவிடக் கூடுதல். இடையில் முறித்துக்கொள்ளும் உரிமையோடு வைக்கும் வைப்புத்தொகைக்கு வட்டி சற்றுக் குறைவது போன்றதே இது என்றார் நண்பர். வங்கிக்காரர் வாயில் வேறு உவமை வராது.

அந்த உவமையை நீட்டினால் மறு பக்கமும் தெரியும். உயரம் நின்றுவிட்ட, முதுகு நலமாக இருக்கிற, தன் அளவு எதுவென்று தெரிந்த ஒருவருக்கு மாற்றும் உரிமையால் ஆகப்போவது ஒன்றுமில்லை. கையில் சாவி இருக்கும்வரை, இரண்டு பந்து தவறினால் மனம் நீளத்தைக் குறை சொல்லும். மறுநாள் அரை அங்குலம் ஏறும், அதற்கு மறுநாள் இறங்கும், எந்த நீளமும் கையில் ஊறாது. அத்தகையவர் பொருத்துநர் ஒருவரிடம் சென்று, மாற்றும் பட்டரால் ஒரு மணி நேரம் அளவெடுத்துக்கொண்டு, அந்த அளவில் சாதாரண மட்டை ஒன்றை வாங்குவதே மேல். தையற்காரரின் நாடாவை யாரும் சட்டையாக அணிந்துகொள்வதில்லை. வளரும் பிள்ளைகள், அறுவை சிகிச்சைக்குப்பின் உடல் நிலை மாறிக்கொண்டிருப்பவர்கள், பல உயரத்தினர் வந்து பழகும் பயிற்சிக்கூடங்கள் ஆகியோருக்குத்தான் இது முழுப் பயன் தரும்.

மூன்றாம் ஞாயிறு முடிந்தபோது நண்பர் குடும்பத்தில் ஒரு சிறு சட்டச் சிக்கல் தலைதூக்கியது. தாத்தாவும் பேத்தியும் ஒன்றாகத் திடலில் இறங்கி ஆட வேண்டும் என்பதே அவளுடைய ஆசை. விதிப்படியோ, திடலில் ஒருவர் ஆடிக்கொண்டிருக்கும் மட்டையை வேறொருவர் எடுத்து அடிக்கக் கூடாது. நடுவே நீளத்தை மாற்றவும் கூடாதென்று முன்பே பார்த்தோம். ஆக இருவருக்குமாக வாங்கிய மட்டையால் இருவரும் சேர்ந்து ஆட வழியில்லை! விளையாட்டாக ஆடும்போது இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். “நான் பார்ப்பேனே” என்றார். தணிக்கைக்காகவே ஏடுகளைத் திறந்து வைத்திருந்தவரிடம் வேறென்ன பதிலை எதிர்பார்க்க முடியும்?

தீர்வு பழைய 35 அங்குலப் பட்டரிலேயே இருந்தது. அவருக்கு வேண்டிய அளவு 37 என்பது இப்போது ஐயமின்றித் தெரிந்துவிட்டது. நகரிலுள்ள ஒரு பட்டறையில் கொடுத்தோம். பிடியைக் கழற்றி, தண்டின் மேல்முனைக்குள் செருகுதுண்டு ஒன்றைப் பசையிட்டுப் பொருத்தி, இரண்டு அங்குலம் நீட்டித் தந்தார்கள். கழுத்தையும் இரண்டு பாகை நிமிர்த்தினார்கள். புதுப் பிடி போட்டார்கள். இப்போது புருவ நடுவிலிருந்து நழுவவிட்ட பந்து தரையிலிருந்த பந்தின் ஓரத்தைத் தொட்டு விழுந்தது. ஒன்பது குழிகள் ஆடிவிட்டு, உதவியின்றிக் காரில் ஏறி அமர்ந்தார். பதினெட்டு ஆடுவதற்கு மருத்துவரின் அனுமதி இன்னும் வரவில்லை.

மாற்றும் பட்டர் பேத்திக்கே சொந்தமாயிற்று. சாவியைத் தன் ஜியோமிதிப் பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டுமென்று அவள் கேட்டாள், கிடைக்கவில்லை. அது தாத்தாவின் மேசை இழுப்பறையில், காசோலைப் புத்தகங்களுக்கு அடியில் இருக்கிறது. மார்ச் 31, ஜூன் 30, செப்டம்பர் 30, டிசம்பர் 31 ஆகிய நான்கு நாட்களில் மட்டும் வெளியே வரும். அன்று கதவு நிலையில் அவளை நிற்க வைத்து உயரம் குறிப்பார்; கைகளைத் தொங்கவிடச் சொல்லி மணிக்கட்டிலிருந்து தரைவரை நாடாவால் அளப்பார்; இரண்டையும் ஒரு பழைய பேரேட்டில் தேதியோடு பதிவார். சென்ற காலாண்டில் அவள் ஒன்றரை சென்டிமீட்டர் வளர்ந்திருந்தாள். நீளத்தை மாற்றும் அளவுக்கு அது இல்லை என்று முடிவாகி, பட்டர் 31லேயே நிற்கிறது.